பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாதாம்

ஐப்பசி 20, வியாழன்

இன்றும் தலை சுற்றியது. பிள்ளை பிறந்ததிலிருந்து மாமியார் எனக்கு வேளைக்கு ஒரு மடக்குத் தண்ணீர்தான் தருகிறார். "இந்த நமுனுகுல மலைக் குளிருல நீ தண்ணி குடிச்சா புள்ளைக்குச் சளி கட்டிக்கும்" என்பது அவர் பேச்சு. வாசலுக்கு எதிரே பீலிக் குழாயில் தண்ணீர் ஓயாமல் கொட்டுகிறது. தீட்டு கழியும்வரை நான் வாசலையும் தாண்டக் கூடாது, குடத்தையும் தொடக் கூடாது.

காலையில் மிட்வைஃப் மிஸ்ஸி எங்கள் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து பிள்ளைக்கு நிறை பார்த்தார். "நல்லா ஏறியிருக்கு" என்று மாமியாரைத்தான் பாராட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "தண்ணி நெறைய குடிக்கிறீங்களா?" என்றார்.

"அதெல்லாம் கொறையில்லாம குடுக்கிறோம் மிஸ்ஸி" என்றார் மாமியார். நான் தலையாட்டினேன்.

மிஸ்ஸி போனதும் பிள்ளையோடு எழுந்தேன். கண் இருட்டியது. மாமியார் ஓடி வந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டார். நான் சிமெந்துத் தரையில் விழுந்தேன்.

"நான் மட்டும் புடிக்கலன்னா என் பேரன் என்னா ஆகியிருப்பான்!" பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் கூடும்வரை கத்தினார். அவர்கள் பார்க்கத்தான் ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என் முகத்தில் அடித்தார்.

உதட்டில் வழிந்ததை நக்கிக் குடித்தேன். இனித்தது.

நாளைக்கும் விழ வேண்டும்.