பூட்டுக்காரர் முதல் பக்கத்துக்கு வந்தார்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரை போட அம்மா மறப்பதில்லையே?

போன மாதம் ஒரு காலையில் குப்பை போட வெளியே வந்தேன். கதவு தானாகப் பூட்டிக்கொண்டது, சாவி உள்ளே. பதறாதீர்கள், கையில் ஃபோன் இருந்தது. ‘சாவி உள்ளே மாட்டிக்கிச்சு, கதவு திறக்க ஆள்’ என்று தேடினேன். நாலு பக்கம் தள்ளியும் தெருமுனைப் பூட்டுக்காரர் கடை வரவில்லை. அவருடைய வெப்சைட்டைத் தேடலில் மேலே கொண்டுவர மூன்று மாதமாக வேலை பார்ப்பதே நான்தான்.

நம்பர் தெரிந்ததால் அவரையே கூப்பிட்டேன். இரண்டே நிமிடத்தில் திறந்துவிட்டார்.

“வெப்சைட்டுல ‘ஒருங்கிணைந்த பாதுகாப்புத் தீர்வுகள்’னு இருக்கு. வெளிய மாட்டிக்கிட்டவங்க அப்படியா தேடுவாங்க?” என்றேன்.

“நீங்க எழுதினதுதானேம்மா” என்றார். அசடு வழிந்தேன்.

அன்றைக்கே எல்லாவற்றையும் மாற்றி, ஜனங்கள் தேடும் வார்த்தைகளிலேயே எழுதினேன். இந்த வாரம் கடை முதல் பக்கத்துக்கு வந்துவிட்டது. ஃபோன் ஓய்வதே இல்லையாம்.

அன்று கதவைத் திறந்துவிட்டுக் கிளம்பும்போது அவர், “இன்னொரு சாவியை யார்கிட்டயாவது கொடுத்து வைங்க” என்றார். யோசித்துப் பார்த்தேன், ஒருவரும் தோன்றவில்லை. இப்போது அது அவர் மனைவியிடம் பத்திரமாக இருக்கிறது.

ஒரு சின்ன வேலை அப்பா. சட்டைக்குப் பித்தான் விழாமல் தைப்பது எப்படி என்று அம்மாவைப் பேசிப் பதிவு செய்து அனுப்பச் சொல்லுங்கள். நிதானமாக, நீளமாகவே பேசட்டும். தேடினால் ஆயிரம் வீடியோ வரும். எனக்கு அம்மா சொல்லித்தான் கேட்க வேண்டும்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள், ஓடுகிறேன்.

உங்கள் மகள்