கை தூக்கியவள்

ஜூலை 3

அன்புள்ள நெட்டைக்கு,

குருவி எழுதுகிறேன். புதுப் பள்ளியில் உன் பக்கத்தில் பாடகி என்ற பட்டப்பெயரோடு ஒருத்தி உட்காருகிறாளாமே? உன் அம்மா என் அம்மாவிடம் சொன்னார்களாம். ரொம்ப சந்தோஷம்.

இங்கே பள்ளிக் குழுவில் நான்தான் மாணவர் உறுப்பினர்! மற்றவர்கள் பெற்றோரும் ஆசிரியர்களும். அப்பாக்கள் எல்லாம் குட்டி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். மதிய இடைவேளையில் நூலகத்தைத் திறக்க வேண்டும் என்று கேட்டேன். தையல்கார அம்மா ஒருவர், "பொண்ணு நியாயமாத்தானே கேக்குது?" என்றார். எல்லாரும் கை தூக்கினார்கள். மறுநாளே திறந்துவிட்டார்கள்.

இப்போது வேறு பேச்சு. உங்கள் பள்ளியை நடத்தும் அறக்கட்டளையிடமே எங்கள் பள்ளியையும் ஒப்படைக்கலாமா என்று குழுவைக் கேட்டிருக்கிறார்கள். பணம் எப்போதும்போல அரசு தரும். அதிகாரம் மட்டும் அவர்களுக்கு. குழு கலைந்துவிடும். ஆனால் இரண்டு பள்ளிகளின் ஒன்பதாம் வகுப்பும் உங்கள் பள்ளியிலேயே ஒன்றாகிவிடுமாம். யோசித்துப் பார், மறுபடி நாம் ஒரே பெஞ்சில்!

உன் குருவி

ஜூலை 9

அன்புக் குருவி,

பொய் சொன்னால் உன் எழுத்து சாய்ந்துவிடும். 'ரொம்ப சந்தோஷம்' படுத்தே விட்டது.

வேண்டாமென்று சொல்லிவிடுடீ. இங்கே எல்லாம் பளபளவென்றுதான் இருக்கிறது, கேட்கத்தான் ஆளில்லை. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லையென்று பாடகியின் அப்பா மூன்று முறை வந்தார். "மேலிடத்துல சொல்றோம் சார்." அந்த மேலிடம் எந்த மாடியில் இருக்கிறது என்று பாடகி கேட்டாள். வகுப்பே சிரித்தது. நீ இங்கே வர ஆசைப்படாதே.

நெட்டை

ஜூலை 20

நெட்டைக்கு,

வரிக்கு வரி பாடகி. நான் வந்தால் அவள் எழுந்திருக்க வேண்டியிருக்கும். அதற்குத்தானே வராதே என்கிறாய்?

நேற்று வாக்கெடுப்பு. சரிபாதியாக நின்றது. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். "பயப்படாதம்மா, உனக்குத் தோணுறதச் செய்" என்றார் தையல்கார அம்மா. எனக்கு உன் பெஞ்சுதான் தோன்றியது. ஒப்படைக்கலாம் என்று கை தூக்கிவிட்டேன்.

இனிமேல் என்ன செய்வாய்?

குருவி

செப்டம்பர் 4

நெட்டை,

இதற்குத் தபால்தலை தேவையில்லை. நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாய். பேசத்தான் மாட்டேன் என்கிறாய்.

வகுப்புகளைச் சேர்த்ததும் தூரத்திலிருந்து வருகிறவர்களை வேறு பள்ளிக்கு அனுப்பிவிடுவார்கள் என்று யாரும் சொல்லவில்லை. பாடகியை ஏன் அனுப்பினீர்கள் என்று அலுவலகத்தில் கேட்டேன். "அது மேலிடத்து முடிவும்மா. போய் உக்காரு." எங்கே போய் உட்காருவது? அவள் இடத்தில்தான்.

இங்கே மதியத்தில் நூலகமும் பூட்டு.

இன்னும் எனக்குப் பொறாமைதான். அவள் இங்கே இல்லாதபோதும் நீ அவள் பக்கத்திலேயே இருக்கிறாய். எழுத்து சாயவில்லை, பார்த்துக்கொள்.

அவளைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி மனு எழுதி இதோடு மடித்திருக்கிறேன். யாருக்கு அனுப்புவது என்று தெரியவில்லை. அதனால் மேலே பெறுநர் இடம் காலி. கீழே என் கையெழுத்துக்குப் பக்கத்திலும் ஓர் இடம் காலி.

பேனாவை உன் பக்கம் உருட்டுகிறேன்.

குருவி