‘சரி’ என்று சொன்னது நான்தான்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்த முறை அம்மாவின் காலில் கட்டைப் பிரித்தாகிவிட்டது, புண் ஆறி வருகிறது, எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்க நீ அனுப்பிய படிவம் வந்து ஒன்பது நாளாகிறது. எல்லாவற்றையும் நீயே நிரப்பி என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறாய். நான் போடவில்லை. தபால் இன்னும் வரவில்லை என்று போனில் உன்னிடம் சொன்னது பொய். அதற்கு முன்னால் சொன்ன பெரிய பொய் ஒன்று இருக்கிறது, அதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பியிருக்கலாமே என்பாய். அதன் முகத்தில் விழிக்கவே இப்போது பிடிக்கவில்லை, என் கோழிக் கிறுக்கலைப் பொறுமையாகப் படி.

போன மழைக்காலத்தில் நீ அங்கிருந்தபடியே என் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து எல்லாவற்றையும் புதுசாக மாற்றிக் கொடுத்தாய் அல்லவா, அன்று பிடித்தது எனக்குச் சனி. பன்னிரண்டு வருஷமாக வீட்டு பிளான் வரைகிற அதே புரோகிராமைத் திறந்தால் திரை மொத்தமும் இருட்டிக்கொண்டு நடுவில் ஒரு பெட்டி வந்து நிற்கும், இதை அனுமதிக்கிறீர்களா, ஆமா, இல்லையா. இன்ஜினியருக்குக் கொடுக்க பென்டிரைவில் ஏற்றினால் ஒரு பெட்டி, பிரிண்டரைத் தொட்டால் ஒரு பெட்டி. இதைத் தயாரித்தவர் யாரென்று தெரியவில்லை என்று எச்சரிக்கை வேறு, நான் என்னவோ வழியில் போகிறவனை வீட்டுக்குள் கூட்டிவந்துவிட்ட மாதிரி. மறுபடி கேட்க வேண்டாம் என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போட்டாலும் மறுநாள் கூசாமல் கேட்கும். ஒரு நாள் உட்கார்ந்து எண்ணினேன், மதியச் சாப்பாட்டுக்குள் முப்பத்தொரு தடவை. உன்னிடம் புலம்பினதற்கு, படிச்சுப் பாத்துட்டு அமுக்குங்கப்பா, உங்க நல்லதுக்குத்தான் கேக்குது என்றாய். ஒரே கேள்வியை முப்பது தடவை கேட்டா எவன் படிப்பான் என்று எரிந்து விழுந்தேன். முப்பதுல ஒண்ணு வேற கேள்வியா இருக்கும்பா என்றாய். எனக்கே பாடம் எடுக்கிறாளே என்று அன்று உன்மேல் கோபம்தான் வந்தது. ஒரு மாதத்தில் என் கை பழகிக்கொண்டது, பெட்டி முழுசாக வருவதற்குள் விரல் ஆமாவை அமுக்கிவிடும், கண் வரைகிற கோட்டை விட்டு நகராது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

அம்மா பகலெல்லாம் என் மேஜைக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பாள். கேஸை அணைச்சாச்சா, கதவைப் பூட்டியாச்சா, பொண்ணு போன் பண்ணினாளா, இந்த மூன்றும்தான் மாறி மாறி வரும். முதலில் நாற்காலியைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு திரும்பாமல் சொன்னேன். பிறகு கேள்வி முடிவதற்கு முன்பே ஆச்சு ஆச்சு, சரி சரி என்று சொல்லப் பழகினேன். பெட்டிக்கு விரல் பழகியது போல அவளுக்கு என் வாய் பழகிவிட்டது. அந்தச் செவ்வாய்க்கிழமை பிளானில் மாடிப்படி அளவு சரிவராமல் உதைத்துக்கொண்டே இருந்தது, பதினோரு மணிக்கு ஆள் அனுப்புகிறேன் என்று இன்ஜினியர் சொல்லியிருந்தார், அம்மா வந்து பின்னால் நின்றாள். டூட்டிக்கு நேரமாச்சு, நான் கிளம்பட்டுமா என்று கேட்டாள். நான் திரும்பாமல் சரி என்றேன். தனியாவே போயிடட்டுமா என்று இன்னொரு தடவையும் கேட்டாள், அதற்கும் சரி என்றேன். அவள் கேட்டது அப்போது என் மண்டையில் ஏறவே இல்லை, அரைமணி கழித்து எழுந்து வந்து கதவு திறந்து கிடப்பதைப் பார்த்தபோதுதான் ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும். நானும் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவும் ஆளுக்கொரு தெருவாக ஐந்து மணி நேரம் தேடினோம். அம்மா முப்பது வருஷம் நர்சாக இருந்த ஆஸ்பத்திரிக்கே, பெரிய சாலை இரண்டைக் கடந்து, நடந்து போயிருக்கிறாள். வெளிநோயாளிகள் கூடத்தில் நின்று வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தாளாம், எல்லோரும் அவள் சொன்னபடி நின்றார்களாம். தரையில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் அவள் காலில் செருப்பு இல்லை, உள்ளங்காலில் கண்ணாடி ஏறியிருக்கிறது என்று கவனித்திருக்கிறார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது டாக்டரிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், அவர்கிட்ட கேட்டுட்டுத்தான் கிளம்பினேன், சரின்னு சொன்னாரே. டாக்டர் என்னைப் பார்த்தார். நான் குளிச்சிட்டிருந்தேன் டாக்டர் என்று சொல்லிவிட்டேன். நடக்காததை நடந்ததாகச் சொல்வதும் இந்த மறதி நோயில் சேர்த்திதான் என்று அவர் ஃபைலில் எழுதிக்கொண்டார். அன்று சாயங்காலம் நீயும் போனில் அவளிடம், நீ யார்கிட்டயும் கேக்கலம்மா, அப்பா குளிச்சிட்டிருந்தாரு என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாய். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. அப்படியா, நான்தான் உளறியிருக்கேன் போல என்று தலையைக் குனிந்துகொண்டாள். அதிலிருந்து யாரிடம் என்ன பேசினாலும், நான் சொல்றது சரிதானான்னு அவரைக் கேட்டுக்கோங்க என்று முடிவில் சேர்த்துச் சொல்கிறாள். நினைவெல்லாம் போய்க்கொண்டிருக்கிற ஒருத்தி சரியாக நினைவு வைத்திருந்த ஒன்றை நான் பொய்யாக்கிவிட்டேன்.

படிவத்தில் ஏழாவது கேள்வி, சொல்லாமல் வெளியே போகிற பழக்கம் உண்டா என்று இருக்கிறது. உண்டு என்று நீ எழுதியிருக்கிறாய், அப்படிப்பட்டவர்களைப் பூட்டு போட்ட பகுதியில் வைப்பார்கள் என்று அடியில் சின்ன எழுத்தில் அச்சடித்திருக்கிறது. அம்மா சொல்லாமல் போகவில்லை. இரண்டு தடவை கேட்டுவிட்டுப் போனாள். அவள் கேட்பதைக் காதில் வாங்க ஆள் இல்லாமல் போனது என் குற்றம், அதற்கு அவளைப் பூட்டி வைக்க நான் கையெழுத்துப் போட மாட்டேன். டாக்டரிடம் நேற்றே நேரில் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். இனி மதியம் தையல்காரம்மா தன் துணியை எடுத்துக்கொண்டு வந்து அம்மாவோடு உட்கார்ந்திருக்கும் மூன்று மணி நேரம்தான் வரைகிற வேலை, அதற்கு மேல் வேண்டாம் என்று இன்ஜினியரிடமும் சொல்லியாகிவிட்டது. என்னால் முடியாமல் போகிற நாள் வரலாம், அப்போது இல்லத்துக்கு அனுப்புவதைப் பற்றி நானே உன்னிடம் பேசுகிறேன், அன்றைக்கு அவளைப் பற்றி உள்ளதை எழுதி அனுப்புவோம். அம்மாவிடமும் சொன்னேன். நீ கேட்டே, நான்தான் கவனிக்காம சரின்னுட்டேன், அப்புறம் பொய் சொன்னேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். வேலையா இருந்திருப்பீங்க, விடுங்க என்றாள். பிறகு கதவைப் பூட்டியாச்சா என்று கேட்டாள், எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.

என்மேல் உனக்குக் கோபம் வரும், வரட்டும், திட்ட வேண்டியதைத் திட்டிவிடு. வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, கழுத்துவலிக்கு டாக்டரைப் பார்க்கச் சொன்னேனே, பார்த்தாயா. நீயும் மாப்பிள்ளையும் எந்தக் குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவர் ஆசியும் உங்களுக்கு எப்போதும் உண்டு. ஒன்றே ஒன்று மறக்காதே. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கையில் வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் அம்மா கேட்பதைக் கடைசிச் சொல் வரைக்கும் கேட்டுவிட்டுப் பதில் சொல். போன ஞாயிறு ஸ்பீக்கரில் நீ எதையோ தட்டச்சு செய்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. சாப்பிட்டியா, தூங்கினியா என்று வழக்கம்போல அவள் கேட்டதற்கெல்லாம் ஆமாம்மா ஆமாம்மா என்றாய். அடுத்ததாக அவள் கேட்டது, என்னை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடப் போறீங்களாடி என்று. அதற்கும் நீ ஆமாம்மா என்றாய். அன்றிலிருந்து தினமும் காலையில் தன் துணிகளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, எப்போ கிளம்பணும் என்று என்னைக் கேட்கிறாள்.

இப்படிக்கு,
உன் அப்பா