கூப்பிட்டால் திரும்பாதவள்

12.6.2005, ஞாயிறு
உப்பளத்தில் உப்பு வாரிக்கொண்டிருந்தோம். மகள் செந்தமிழ் தூக்கில் டீ எடுத்து வந்தாள். எட்டு வயதாகிறது, ஒரு வேலை ஒழுங்காகச் செய்யத் தெரியாது. வரப்பில் பாதி வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கூப்பிட்டேன். என்னைப் பார்த்தபடி நிற்கிறாள், பதில் இல்லை. தூக்கு சாய்ந்து டீ முழுக்கப் பாத்தியில் கொட்டியது. வேலையாட்கள் சிரித்தார்கள். போய் அறைந்தேன்.

“இன்னாப்பா பண்ணேன்?” என்றாள்.

அதற்கும் ஒன்று கொடுத்தேன். திமிர்.

13.6.2005
கன்னத்தில் விரல் தெரிகிறது. பெண்டாட்டி மலர்கொடி என்னோடு பேசவில்லை.

27.6.2005
பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டனுப்பினார்கள். கமலாம்பாள் டீச்சர் சொன்னார்: “பாடம் கேட்டுக்கினே இருக்கறவ திடீர்னு பொம்ம மாதிரி ஆயிடுறா. கண்ணு மட்டும் படபடங்குது. டாக்டராண்ட காட்டுங்க.”

என் பெண்ணுக்கு என்ன பைத்தியமா என்று கத்திவிட்டு வந்தேன். பிள்ளைகளெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். செந்தமிழும்தான்.

3.7.2005, ஞாயிறு
மெயின் ரோட்டைக் கடக்கும்போது என் கையை உதறிவிட்டு முன்னால் ஓடியவள், நடு ரோட்டில் நின்றுவிட்டாள். சென்னை பஸ். ஹாரன் காதைப் பிளக்கிறது, அவள் அசையவில்லை. பாய்ந்து இழுத்தேன். இரண்டு பேரும் மண்ணில் விழுந்தோம்.

“ஏம்பா தள்ளின?” என்கிறாள். பஸ் வந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

அப்பனிடம் பிடிவாதம் பிடிக்கலாம். பஸ்ஸிடமுமா பிடிப்பாள்?

8.7.2005
பாண்டிச்சேரி ஆஸ்பத்திரி. எண்ணெய் வைக்காமல் தலை குளிப்பாட்டிக் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். ஓர் அம்மா செந்தமிழின் தலை முழுக்கப் பசை தொட்டு ஒயர்களை ஒட்டி ஒரு மெஷினில் மாட்டினார்.

“ஷாக் வைப்பீங்களா?” என்றேன்.

“நாங்க உள்ள எதுவும் அனுப்பறதில்லைங்க. மூளையில எப்பவும் துளி கரண்ட் ஓடிக்கினே இருக்கும். அதப் பெருசாக்கி இந்தப் பேனா வரைஞ்சு காட்டும். அவ்ளோதான்.”

காகிதம் ஓடியது. பாத்தித் தண்ணீரில் காற்று பட்டதுபோல் சின்னச் சின்ன நெளிவுகள். பிறகு அவளை வேகவேகமாக மூச்சு விடச் சொன்னார்கள். ஊதிக்கொண்டே இருந்தவள் நிறுத்தினாள். வரப்பில் பார்த்த அதே முகம். பேனாக்கள் அத்தனையும் ஒன்றாகக் குதித்தன — கூர், மேடு, கூர், மேடு, ஒரே சீராக.

“செந்தமிழ்!” என்றேன். அதட்டல்தான். பழகிவிட்டதே.

“கூப்புடாதீங்க சார். இப்ப அவளுக்குக் கேக்காது.”

கொஞ்ச நேரத்தில் பேனாக்கள் அடங்கின. எதுவும் நடக்காததுபோல் மறுபடி ஊதத் தொடங்கினாள்.

இதுவும் ஒரு வகை வலிப்புதான் என்றார் டாக்டர். மூளை அணுக்களெல்லாம் சேர்ந்து ஒரே தாளத்தில் துடிக்கும்போது அந்தச் சில விநாடி அவள் இங்கே இருப்பதில்லை. ஒரு நாளைக்குப் பல தடவை வருமாம். மாத்திரையில் பெரும்பாலும் கட்டுப்படுமாம்.

பல தடவை. நான் எத்தனை தடவை அடித்திருப்பேன்? அவள் இல்லாத நேரத்தில் கூப்பிட்டுவிட்டு, திரும்பி வந்தவளை அடித்திருக்கிறேன்.

பஸ்ஸில் கேட்டாள்: “அப்பா, நான் வேணும்னு பண்லன்னு அந்தப் பேப்பர்ல வந்துச்சா?”

“வந்துச்சும்மா.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

11.7.2005
டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளைகள் எதிரிலேயே கேட்டேன். “மொதல்ல அவளாண்ட கேட்டீங்களா?” என்றார். இல்லை.

2.8.2005
காலையில் மாத்திரை கொடுக்கும்போது ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். “அப்பா அடிச்சது தப்பும்மா.”

“எந்த அடி?” என்றாள்.

எந்த அடியைச் சொல்கிறேன் என்று நிஜமாகவேதான் கேட்டாள், கிண்டலில்லை. இன்று நான் உப்பளத்துக்குப் போகவில்லை.

20.11.2005, ஞாயிறு
விடாத மழை. பாத்தியும் வரப்பும் தெரியாமல் ஒரே வெள்ளம். இரண்டு மாதமாக அவள் அப்படிப் பொம்மையாக நின்றதை யாரும் பார்க்கவில்லை. இருந்தாலும் மாத்திரையை நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

மதியம் செந்தமிழ் தெருத் தண்ணீரில் கப்பல் விட்டுக்கொண்டிருந்தாள். சோறு தின்னக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடியும் கூப்பிட்டேன். மழையில் ஓடிப்போய்த் தோளைத் தொட்டேன்.

“கேட்டுச்சுப்பா. வர மாட்டேன், போ.”

நனைந்தபடி அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.