வழியில் போகிறவன் குடித்த சாயா

செப்டம்பர் 16, திங்கள்

இன்றைக்கும் கட்டன்சாயா இரண்டு தம்ளர் போட்டுவிட்டேன். அவங்க போய் ஒரு வருஷம் தாண்டியாயிற்று. என் கைக்கு மட்டும் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை. வழக்கம்போல இரண்டாவது தம்ளரைக் கொல்லையில் கறிவேப்பிலைச் செடி மூட்டில் ஊற்றினேன். நான் மெலிகிறேன், கறிவேப்பிலை கொழுக்கிறது.

பேங்கில் புதிதாக வந்த பெண் கணவர் பெயர் கேட்டாள். கல்யாணம் ஆன நாள்முதல் வாயில் வராத பேர், அங்கே மட்டும் வருமா? பாஸ்புக்கை விரித்து விரலை வைத்தேன். "சொல்லுங்க மேடம், கேக்கல" என்றாள். சொன்னால்தானே கேட்கும். ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் அதட்டிக் கணக்குச் சொல்லிக்கொடுத்த டீச்சர், புருஷன் பேரைச் சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று எதிர்வீட்டு இசபெலுக்குச் சிரிப்பு. எங்க அம்மை சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. ஆஸ்பத்திரியில் கடைசி நாளிலும் "இஞ்ச பாருங்க, இஞ்ச பாருங்க" என்றுதான் கூப்பிட்டேன். பார்க்கவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

நேற்று ஆப்பிரிக்காவில், கானாவில், மகன் டெனிஷுக்குக் கல்யாணம். அவனுக்கு அங்கே துறைமுகத்தில் வேலை. பெண் எஃபுவா, மெதடிஸ்ட் சபை, பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். முட்டுவலியைக் காரணம் சொல்லி நான் போகவில்லை. ஆராதனை வீடியோ வந்தது. பாஷைதான் வேறு, ராகமெல்லாம் நம் பாமாலை ராகம். நானும் சோபாவில் தனியாக உட்கார்ந்து ஆல்ட்டோ பாடினேன். பெற்ற ஒரே மகனின் கல்யாணத்தில் இப்படித்தான் பாடக் கொடுத்துவைத்திருக்கிறது.

பிறகு இரண்டாவது வீடியோ. பெண் வீட்டு முற்றம். அவள் மாமன் கையில் ஜின் தம்ளர். ஒவ்வொரு பேராகச் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக மண்ணில் ஊற்றுகிறார். செத்துப்போனவர்களை விளிக்கிறாராம். நடுவில் — அவங்க பேர்! உச்சரிப்பு கோணல்தான், ஆனால் அதேதான். நான் ஒரு தடவகூடச் சொல்லாத பேரு. சாராயத்தோட. மண்ணுல. ஒரு சொட்டு பீர் குடிக்காத மனுஷனை!

டெனிஷிடம் போனில் கத்தினேன். "லேய், அப்பா பேரச் சொல்லிப் பேய்க்கு ஊத்துதானுவ, நீ கைகட்டிப் பாத்துட்டு நிக்கியா?"

"பேய்க்கு இல்லம்மா. அப்பா இல்லாம கல்யாணம் நடந்துரப்பிடாதுன்னுதான் விளிச்சாவ."

"அப்பாவ விளிச்சாச்சில்லா? இனி என்னை விளிக்காத" என்று வைத்துவிட்டேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஆராதனை முடிந்து போதகர் ஆன்ட்ரூஸிடம் சொன்னேன். "மரிச்சவங்கள விளிக்கது வேதத்துல விலக்கின காரியம். நீங்க பேசுனது சரிதான் டீச்சர்" என்றார். எனக்குத் தெரியாதா? என் பூட்டன் ஏசுஅடிமை ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்கே குடும்பத்து மாடன் பீடத்தைக் கடப்பாரையால் பெயர்த்தவர். எனக்குச் சீதனமாக வந்த இந்த வீட்டுக் கொல்லையில் அந்தக் கல் கிடக்கிறது. அதில்தான் துணி துவைக்கிறேன்.

ஆக, நான் பேசியது சரி. வீட்டுக்கு வந்து அதை யாரிடம் சொல்ல? நேற்றைய மீன்குழம்பைச் சூடாக்கி, அடுப்படியில் நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

விளிக்கவில்லை. எத்தனையோ சொல்லியிருக்கிறேன், இதை மட்டும் கேட்கிறான்.

நவம்பர் 2, சனி

இன்று கத்தோலிக்கர்களுக்குக் கல்லறைத் திருநாள். இசபெல் தன் புருஷன் சூசையின் கல்லறைக்கு மெழுகுதிரியும் பூவுமாகப் புறப்பட்டாள். "ஏட்டி லீலா, நீயும் உனக்க ஆளுக்கு ஒரு திரி கொளுத்தினா என்ன?"

"எங்க சபையில அப்படி இல்ல."

"பொறவு அவரு கூட எப்பிடித்தான் பேசுவ?"

"பேசமாட்டோம். கர்த்தருக்குள்ள நித்திரையா இருக்காங்க."

"நித்திரையில இருக்கவர ஒருநாளு எழுப்பப்பிடாதாக்கும்?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

சாயங்காலம் திரும்பி வந்தபோது, சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்வந்தவள் மாதிரி இருந்தாள். சூசையிடம் மருமகளைப் பற்றிக் கோள் சொன்னாளாம். எனக்குப் பொறாமை. ஆமாம், பொறாமைதான். எனக்கும் சொல்ல எவ்வளவோ இருக்கிறது.

டிசம்பர் 21, சனி

கதவைத் திறந்தால் டெனிஷ். "விளிக்காதன்னு சொன்னிய. அதான் விளிக்காம வந்துட்டோம்." அடிக்கக் கை ஓங்கினேன். ஓங்கிய கையோடு அவனைக் கட்டிக்கொண்டு அழுதேன். பின்னால் எஃபுவா, நல்ல நெட்டை, எங்கள் கதவு நிலைக்குத் தலையைக் குனிந்து உள்ளே வந்தாள்.

டிசம்பர் 23, திங்கள்

எஃபுவாவும் நானும் இங்கிலீஷில் பேசிக்கொள்கிறோம். துவைக்கிற கல்லில் பழைய செதுக்கு வேலையைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டாள். ஏசுஅடிமை கதையைப் பெருமையாகச் சொன்னேன்.

"அவருக்கு முன்னால் யார், மம்மி?"

தெரியாது. ஏசுஅடிமை என்பதே ஞானஸ்நானத்தில் வைத்த பேர். அவருடைய பழைய பேர்கூட எங்களில் யாருக்கும் தெரியாது. இத்தனை வயதுக்கு எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை. இன்றைக்குத் தோன்றியது.

விட்டுக்கொடுக்க மனமில்லாமல், "உங்கள் மாமா ஜின் ஊற்றியதை உங்கள் சபை மட்டும் ஒத்துக்கொள்ளுமா?" என்று கேட்டேன்.

"இல்லை. போதகர் திட்டுவார். மாமா முன் பெஞ்சில் உட்கார்ந்து அதையும் கேட்டுக்கொள்வார். என் அம்மாவுக்கும் பிடிக்காது. மாமா ஊற்றும்போது உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பிறகு வெளியே வந்து, 'என் அப்பா பேரை விட்டுவிடவில்லையே?' என்று கேட்பாள்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துணியைப் பிழிகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

டிசம்பர் 28, சனி

மூன்று பேருக்கு நாலு தம்ளர் சாயா. நாலாவதைக் கறிவேப்பிலை மூட்டில் ஊற்றிவிட்டுத் திரும்பினால் எஃபுவா நிற்கிறாள் — கைகளைக் கோத்து, தலையைக் குனிந்து, சபையில் நிற்கிற மாதிரி.

"மம்மி, நீங்களும் ஊற்றுவீர்களா?"

"சே சே! இது மிச்சம். வீணாக்க வேண்டாமே என்று செடிக்கு ஊற்றினேன்."

"யாருக்குப் போட்டதில் மிச்சம்?"

தம்ளரைக் கவிழ்த்து உதறினேன். அவள் கேலியாகக் கேட்கவில்லை. "ஆனால் பேரைச் சொல்லவில்லையே" என்றாள். "பேர் சொல்லாமல் ஊற்றினால், வழியில் போகிற எவனாவது குடித்துவிட்டுப் போய்விடுவான். மாமா எப்போதும் சொல்வார்."

உள்ளேயிருந்து டெனிஷ், "அப்போ ஒரு வருஷமா எவனோ ஓசிச் சாயா குடிச்சிருக்கான்மா!" என்றான்.

மூன்று பேரும் சிரித்தோம். நான் குளிமுறிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவங்களுக்குப் போட்ட சாயா... நான்தான் சொல்லலியே. நான் சொல்லாம அவங்களுக்கு எப்பிடித் தெரியும்?

ஜனவரி 5, ஞாயிறு

இருவரையும் திருவனந்தபுரத்தில் விமானம் ஏற்றிவிட்டு வந்தேன். எஃபுவாவின் சீப்பு கண்ணாடி முன்னால் கிடக்கிறது. எடுத்து வைக்கவில்லை.

ஜனவரி 6, திங்கள்

சாயா இரண்டு தம்ளர் போட்டேன். கை தவறிப் போடவில்லை, தெரிந்தே போட்டேன். முதலில் ஜெபம் பண்ணினேன். ஆண்டவரே, இது தப்பென்றால் வருகிற ஞாயிற்றுக்கிழமை திட்டுங்கள், முன் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன் என்றேன்.

இசபெல் பார்க்கவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு கறிவேப்பிலை மூட்டில் போய் நின்றேன். "இஞ்ச பாருங்க" என்றுதான் முதலில் வந்தது. அது யாருக்கும் பேரில்லை. வழியில் போகிற எவனும் திரும்பிப் பார்ப்பான். தம்ளரைச் சாய்க்காமல் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றேன். கை சுட்டது.

"ஞானசிங்" என்றேன். கல்யாணத்தன்று மாதிரி முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "ஞானசிங், சாயா ஆறுது. வேற எவனாவது எடுக்கதுக்கு முன்ன குடிங்க."