விளம்பரம் வரும்வரை அசையாதே

ஜூலை 6, ஞாயிறு

காலையிலிருந்தே வெயில். வேதியியல் இரண்டாம் பாடம் முடிக்க வேண்டும். முடிக்கவில்லை. காரணம் அண்ணன்.

அவன் பெயர்தான் டில்லி, இருப்பது சென்னையில். முதல் ரயிலில் வந்துவிட்டான். கையில் ஓர் அட்டைப்பெட்டி. ஹாலில் இருந்த டியூப்லைட்டைக் கழற்றிப் பரண்மேல் போட்டான். புது விளக்கு மாட்டினான். டிவிக்கு மேலே, மூலையில், எலுமிச்சம்பழ அளவுக்கு வெள்ளையாக ஒரு சென்சார். ஆள் அசைந்தால் விளக்கு எரியும். இரண்டு நிமிடம் அசைவே இல்லையென்றால் அணைந்துவிடும். சுவிட்ச் கிடையாது, நிமிடத்தைக் கூட்டுவது குறைப்பது மட்டும் போனில்.

யார் போனில்? அண்ணன் போனில், நைனா போனில்.

"எனக்கு?"

"உன்கிட்ட ஏது போனு? அம்மாது பட்டன் போனு. நைனாகிட்ட இருந்தா போதும். நீ எதனா நோண்டிக்கினே இருப்பே."

நைனாவுக்கு இருட்டில்தான் டிவி பார்க்க வேண்டுமாம். விளக்கு எரிந்தால் திரையில் வெள்ளையாக விழுகிறதாம். அதற்குத்தான் இவ்வளவும்.

எதிர்வீட்டு மெக்கானிக் பாய் பார்க்க வந்தார். அவருக்குக் காட்டுவதற்காக நைனா மூன்று முறை வெளியே போய் உள்ளே வந்தார். பாய் சொன்னார்: "இன்னாண்ணே, வூட்டுக்குள்ளயே போலீஸ் வெச்சிட்டீங்க!" எல்லோரும் சிரித்தோம். நானும்.

ஜூலை 7, திங்கள்

மேகம். மழை இல்லை. ஆங்கிலத் தேர்வு: 41/50.

தாலுகா ஆபீஸ் மூடினால் நைனாவின் ஜெராக்ஸ் கடைக்கு வேலை இல்லை. ஐந்தரைக்கு வீடு. பிறகு சாப்பிடும் வரை தெலுங்குப் படம். நான் அதே ஹாலில், மேஜையில் படிப்பேன். வீட்டில் வேறு மேஜை கிடையாது. படத்தில் யார் எத்தனை பேரை அடித்தாலும் எனக்குக் காதில் விழாது. பழகிவிட்டது.

ஆனால் படிப்பவள் அசைய மாட்டாள் என்பது அந்த எலுமிச்சம்பழத்துக்குத் தெரியவில்லை. இரண்டு நிமிடம். இருட்டு. கையை ஆட்டினேன். வெளிச்சம்.

"யாருடி அது, கைய ஆட்டிக்கினு?"

"படிக்கறேன் நைனா."

"கையாலயா படிக்கறே?"

ஒரு பக்கம் முடிப்பதற்குள் மூன்று முறை இருட்டு, மூன்று முறை திட்டு. சும்மா இருந்தாலும் தப்பு, அசைந்தாலும் தப்பு. கடைசியில் புத்தகத்தைச் சமையலறைக்கு எடுத்துப் போனேன். அங்கே அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதியதில் நோட்டில் எண்ணெய்க் கறை. வேதியியல் நோட்டு. புது நோட்டு.

ஜூலை 9, புதன்

சமையலறையில் உட்கார்ந்ததால் ஒன்று கண்ணில் பட்டது. இத்தனை நாள் எப்படிப் படாமல் போனது?

அம்மா ஹாலுக்குள் நடப்பதில்லை. விளம்பர இடைவேளையில் (இனி வி.இ.) மட்டும் நடக்கிறாள். நடக்கிறாள் என்பது பொய். ஓடுகிறாள். சமையலறையிலிருந்து எங்கே போவதென்றாலும் ஹாலைத் தாண்டித்தான் போக வேண்டும். படம் ஓடும்போது தாண்டினால் விளக்கு எரியும், நைனா கத்துவார். ஆகவே சமையலறை வாசற்படியில் நின்று டிவியையே பார்க்கிறாள், படத்துக்காக அல்ல.

இன்று ஒரு வி.இ.யில் அம்மா செய்தவை:
நைனாவுக்கு டீ.
கொடியில் காய்ந்த துணி.
கழிப்பறை.
பால்காரரிடம் நாளைக்கு அரை லிட்டர் கூட என்று சொன்னது.

துணியோடு திரும்புவதற்குள் படம் தொடங்கிவிட்டது. வெளிக்கதவருகிலேயே நின்றுவிட்டாள். முழங்கால் வலி வேறு.

"ஏம்மா இப்படி?"

"இன்னாத்துக்கு வம்பு? சின்ன விஷயம்டி."

சின்ன விஷயமாம். கழிப்பறைக்குப் போவதற்குச் சோப்பு விளம்பரத்தின் அனுமதி வேண்டும் என்பது சின்ன விஷயமாம்! அம்மா மேல்தான் கோபம் அதிகம். இல்லை. நைனா மேல். இல்லை, இரண்டு பேர் மேலும்.

பி.கு. நைனா நாற்காலியில் காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறார். துண்டால் விசிறிக்கொள்கிறார். சண்டைக் காட்சியில் தொடையில் தட்டுகிறார். விளக்கு எரியவில்லை. ஏன்?

ஜூலை 11, வெள்ளி

மாலையில் தூறல். மலைக்கோயிலுக்குப் போகும் பஸ்ஸில் கூட்டம், பள்ளியிலிருந்து வர லேட்.

ஆறு மணி, விளக்கு வைக்கும் நேரம். எங்கள் வீட்டில் வெள்ளியும் சனியும் அடுப்பு மேடையில் முதலில் அகல் ஏற்றி, அந்தச் சுடரைக் கொண்டுபோய்த்தான் ஹாலில் சாமி அலமாரி விளக்கை ஏற்றுவார்கள். சாமி அலமாரி முன்னால் தீக்குச்சி உரசக் கூடாது. அம்மா தலை வாரி, பூ வைத்து, அகலை எடுத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்தாள்.

"இரு இரு. முக்கியமான சீனு. விளம்பரம் வரட்டும்."

அம்மா நின்றாள். உள்ளங்கையால் சுடரை மறைத்துக்கொண்டு. ஹால் மின்விசிறிக் காற்று அங்கே வரை வரும். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கரை நிமிடம். அகல் சுட்டிருக்கும், கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தாள்.

"நைனா, அம்மா விளக்கோட நிக்கறாங்க."

"நிக்கட்டுமே. இன்னா, ரயிலா போவப்போவுது?"

சுடர் அணைந்தது.

அம்மா உள்ளே போய் மறுபடி ஏற்றினாள். மறுபடி வந்து நின்றாள். பல் துலக்கும் பசை விளம்பரம் வந்ததும் போய்ச் சாமி விளக்கை ஏற்றினாள். நைனா உட்கார்ந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டார். இரண்டு கையாலும்! பலமாக!

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. "வுடு ஹேமா" என்று அம்மா வாயைப் பொத்தினாள். அவள் விரலில் எண்ணெய் வாசனை. சாப்பிடவில்லை. பசிக்கிறது. சாப்பிடப் போவதில்லை.

ஜூலை 12, சனி

இரண்டாம் சனி, விடுமுறை. வெயில். ஆபீஸ் மூடியிருந்தாலும் மெஷினைத் துடைக்க நைனா கடைக்குப் போய்விட்டார்.

பரணில் அந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்தேன். உள்ளே குறிப்புத் தாள், எறும்பு எழுத்து, முழுக்க ஆங்கிலம். யாரும் பிரித்துக்கூடப் பார்க்காத மடிப்பு என்று நினைத்தேன். தப்பு. ஒரு படத்தின் கீழே அண்ணனின் பேனாக் கோடு. அகராதி வைத்துப் படித்தேன்: எந்தப் பக்கத்து அசைவு தேவையில்லையோ, சென்சார் கண்ணாடியின் அந்தப் பக்கத்தை ஒளி புகாத நாடாவால் மூடவும்.

ஸ்டூல் போட்டு ஏறினேன். இருந்தது. சென்சாரின் பாதிக் கண்ணில் வெள்ளை பிளாஸ்டர், காயத்துக்கு ஒட்டுவது. நைனாவின் நாற்காலிப் பக்கம் மட்டும்.

ஆக, தெரியாமல் நடந்தது இல்லை. ஒருவர் அசையலாம், மற்றவர்கள் அசையக் கூடாது என்று உட்கார்ந்து யோசித்து, அளவெடுத்து, கத்தரித்து ஒட்டியிருக்கிறான்! என் சொந்த அண்ணன்!

அம்மா ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காட்டினேன். ரொம்ப நேரம் நிமிர்ந்து பார்த்தாள். நேற்று அகல் பிடித்த கையை முந்தானையில் துடைத்தாள்.

"பிச்சி எறிஞ்சிடட்டுமா?"

"எறியாத. இந்தப் பக்கத்துல எடுத்து அந்தப் பக்கத்துல ஒட்டு."

பழையதை உரித்துவிட்டு, மற்றப் பாதியில் புது பிளாஸ்டர் வெட்டி ஒட்டினேன். விளக்கு அணையும் வரை சமையலறையில் ஒளிந்திருந்தோம். பிறகு அம்மா ஹாலில் நடந்தாள். இருட்டாகவே இருந்தது. மேஜை வரை, சாமி அலமாரி வரை, வெளிக்கதவு வரை. இருட்டு. ஒரு முறை போதும் என்றேன். ஆறேழு முறை நடந்தாள், மெதுவாக, கையை வீசிக்கொண்டு. எங்கள் ஹாலுக்கு ஜன்னல் கிடையாது, முகம் தெரியவில்லை. நைனா நாற்காலியின் பக்கத்தில் போய்க் கையை நீட்டினாள். பளிச்.

அதே நாள், மாலை

5.40. படம் தொடங்கியது. நான் மேஜையில். அரை மணியாக விளக்கு அணையவே இல்லை. நைனாவுக்கு ஒரு நிமிடம் சும்மா உட்காரத் தெரியாது. வேதியியல் இரண்டாம் பாடம் முடிந்தது.

"யாருடி அசையறது?"

"நான் இல்ல நைனா."

அண்ணனுக்கு போன் போட்டார். ஸ்பீக்கரில்.

"டேய், சென்சாரு கெட்டுப்போச்சிடா. சும்மா சும்மா எரியுது."

"யாரனா அசைஞ்சா எரியும் நைனா."

"நான் மட்டுந்தான்டா குந்திகினுகீறேன்!"

"அப்ப நீங்க அசையாம குந்துங்க."

நைனா போனை வைத்தார். அசையாமல் உட்கார்ந்தார். காலை ஒன்றின்மேல் ஒன்று போட்டுக் கட்டிக்கொண்டார். விளக்கு அணைந்தது. நான் புத்தகத்தை மூடிக் காத்திருந்தேன். அம்மா அகலோடு ஹாலைக் கடந்தாள். சாமி விளக்கு எரிந்தது. கன்னத்தில் போட்டுக்கொள்ள நைனாவின் கை பாதி எழுந்தது, சென்சாரைப் பார்த்து அப்படியே இறங்கியது.

கொஞ்ச நேரம் கழித்துத் தலையைக்கூடத் திருப்பாமல் கேட்டார்: "ஏம்மே, கொஞ்சம் தண்ணி குடு."

சமையலறையிலிருந்து அம்மா: "விளம்பரம் வரட்டுங்க."