பூர்வீகம்: செவ்வாய்

நாள் 356. காலை 7.40

ஆக்சிஜன் சரி. தண்ணீர் சரி. தொட்டியில் கீரை ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறது. அதை நான் காடு என்று அறிவித்துவிட்டேன்.

இதைக் கண்டெடுக்கப்போகும் புண்ணியவானே, முதலில் எழுந்து நின்று ஒரு வணக்கம் போடவும். எழுதுவது டாக்டர் சுடலைமுத்து, செவ்வாய்க் கிரகத்தின் தலைசிறந்த மருத்துவன். இங்கே இருப்பதே ஒரு மருத்துவன்தான் என்பதால் போட்டிக்கு ஆளில்லை. நிலையத்தில் என்னோடு ஐந்து பேர். ஐவருக்கும் நான் மாமா.

நாள் 356. மாலை 6.15

நாங்கள் இறங்கி, பூமிக் கணக்கில் இன்றோடு ஒரு வருடம்; இங்கே ஒரு நாள் நாற்பது நிமிடம் நீளம் என்பதால் 356தான் ஆகிறது. பீட்ரூட் கேக் வெட்டினோம். நான் ஆற்றிய உரையைக் கேட்டு, இறந்து கிடந்த எரிமலைகள் எழுந்து உட்கார்ந்தன. பூமியில் மனிதனைத் தோலை வைத்துப் பிரித்தார்கள். இங்கே எல்லார் மேலும் ஒரே சிவப்புத் தூசி என்றேன். அதோடு விட்டேனா? மருத்துவப் பொறியைத் திறந்து, ஆறு பேரின் கோப்பிலும் பூர்வீகம், குடும்ப நோய் என்ற இரண்டு கட்டங்களையும் அழித்து, ‘செவ்வாய்’ என்று போட்டேன். எங்கள் விவரத்தை நாங்கள் அழித்தால் பூமியில் உள்ள பிரதியும் அழியும். கேட்டு வாங்கிய உரிமை அது.

பொறி ஒரு கேள்வி கேட்டது: இந்த விவரங்கள் இல்லாவிட்டால் எல்லாரையும் சராசரி ஆளாகத்தான் கணக்கிட முடியும், பரவாயில்லையா? கைதட்டல் கூரையைப் பிய்த்தது. ‘சரி’ என்று அமுக்கினேன்.

எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவன் ஒபின்னா. எங்கள் துளைப்பொறியாளன், நாற்பத்தைந்து வயது. நைஜீரியாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளை, வேலூரில் பிறந்து வளர்ந்தவன். காணொளி பூமிக்குப் போய்விட்டது. கண்ணீர் விட்டவர்களின் எண்ணிக்கை, நான் கேள்விப்பட்டவரை, கடல்மட்டத்தை உயர்த்தும் அளவு.

நாள் 431. பகல் 11.05

துளைக்குழியிலிருந்து ஒபின்னாவின் செய்தி:

“மாமா, இடுப்பு கழண்டு தனியா வந்துடும் போலக்கீது. இந்தக் கிரகத்துலயே பெரிய டாக்டர்னு சொல்லிக்கிறீங்க, ஒரு தைலமாவது உண்டா இல்லியா?”

தைலம் அனுப்பினேன். கூடவே, மலையைக் குடைகிறவனுக்கு இடுப்பு வலிக்காமல் மலைக்கா வலிக்கும் என்று பதிலும். பொறியையும் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். சராசரி ஆண், புராஸ்டேட் பரிசோதனைக்கு இன்னும் பத்து வருடம் இருக்கிறது என்றது. நானும் தலையாட்டினேன்.

நாள் 468. மாலை 4.30

கீரை கருகிவிட்டது. பார்க்க நேரமில்லை.

ஒபின்னாவால் படியேற முடியவில்லை. சிறுநீர் அடைத்துக்கொண்டிருக்கிறது. பொறியைக் கேட்காமல் நானே ரத்தம் எடுத்தேன். பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் எண், நான்குக்குள் இருந்தால் நிம்மதி. இருநூற்றுப் பன்னிரண்டு. மிகைப்படுத்துவது என் பிறவிக்குணம் என்பதால் கருவியும் என்னைப் பார்த்துக் கெட்டுவிட்டதோ என்று மறுபடி எடுத்தேன். அதே எண். முதுகெலும்பின் படத்தில் நான்கு இடங்களில் வெள்ளை. நோய் எலும்புக்குப் பரவிவிட்டது.

நாள் 469. காலை 9.20

பூமியிலிருந்து புற்றுநோய் மருத்துவர் மெஹருன்னிசா:

“சுடலைமுத்து சார், இவர் கோப்புல பூர்வீகம் செவ்வாய்னு இருக்கு. செவ்வாய்ல இன்னும் ஒரு குழந்தைகூடப் பொறக்கல. இவங்க அப்பாவுக்கு என்ன நோய் இருந்துச்சு?”

எனக்குத் தெரியும். புறப்படுமுன் நடந்த முதல் பரிசோதனையில் ஒபின்னா என்னிடம் சொன்னான். அப்பா இதே நோயில், ஐம்பத்து நான்கு வயதில். பெரியப்பாவும் இதே நோயில்.

அப்பா விவரத்தை அனுப்பினேன். கோப்பு ஏன் காலி என்பதற்கு, ‘பதிவுக் கோளாறு’ என்று அனுப்பினேன். இருபது கோடி கிலோமீட்டருக்கு ஒரு பொய். இத்தனை தூரம் போன என் பொய்களில் இதுவே முதல்.

நாள் 470. காலை 10.10

மெஹருன்னிசா:

“மேற்கு ஆப்பிரிக்க வம்சத்து ஆம்பளைங்களுக்கு இது அதிகமா வருது சார், சீக்கிரமாவும் வருது. அதுல கொஞ்சம் மரபணு. கொஞ்சம் உடம்பு எடை, சாப்பாடு, வாழ்ற விதம். இன்னொரு பங்கு, யாரும் அவங்கள நேரத்துல பாக்காம விட்டது. எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல இன்னும் யாராலயும் முடியல. அப்பாவுக்கும் இருந்ததுன்னா நாப்பதுலயே பாக்க ஆரம்பிச்சிருக்கணும். ஹார்மோன அடக்குற ஊசி வச்சிருக்கீங்களா?”

இல்லை. அடுத்த கப்பலான ‘பவள’த்திலும் இல்லை. இந்த நிலையத்தில் யாருக்கு என்ன நோய் வரலாம் என்று கோப்புகளைப் பார்த்துத்தான் பொறி மருந்துப் பட்டியல் போடுகிறது. ஆறு சராசரி மனிதர்களுக்கு அந்த ஊசி எதற்கு என்று, கேக் வெட்டிய மறுநாளே நீக்கியிருக்கிறது.

யாரும் நேரத்தில் பார்க்காமல் விட்டது. பூமியில் அதற்கு மருத்துவமனையின் தூரம், வறுமை, அலட்சியம், அவமதிப்பு என்று எத்தனையோ வேண்டியிருந்தது. இங்கே அவனுக்கும் மருத்துவனுக்கும் நடுவே பதினாறு அடி வராந்தா. அன்பை வைத்தே அதைச் செய்து முடித்தேன்.

நாள் 472. காலை 8.00

ஊசி செய்யும் வேலையைக் கத்தியாலும் செய்யலாம். ஆண் ஹார்மோனைச் சுரக்கும் விதைகள் இரண்டையும் எடுத்துவிட வேண்டும். நோய் போகாது, கொஞ்ச காலம் அடங்கும். முதுகெலும்பு நசுங்கும் முன் செய்தாக வேண்டும்.

அறுவைக்கு முன் கை கழுவும் அறையிலிருந்து பேச்சுக்கருவியில் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேள்வி கேட்ட பொறி, அமுக்கிய விரல், பதிவுக் கோளாறு என்ற பொய். நேரில் சொல்லத் தைரியம் இல்லை. நடுவில் ஒரு சுவர்தான். அதற்குப் பின்னாலிருந்து ஒபின்னா:

“தெரியும் மாமா. நானுந்தான கை தட்னேன். அன்னிக்கி ஒரு நாளு, எங்கப்பா செத்த வியாதி எங்கூட வரலன்னு இருந்துச்சு. நல்லாதான் இருந்துச்சு. ஆனா நீங்க டாக்டரு மாமா. நான் கை தட்டலாம், நீங்க அமுக்கிருக்கக் கூடாது. உங்கள மன்னிக்கலாமா வேணாமான்னு பொறுமையா யோசிக்கணும். அதுக்கு நான் உசுரோட இருக்கணும். ஒழுங்கா வந்து வேலையப் பாரு.”

முதல் தடவையாக என்னை ஒருமையில் பேசினான்.

நாள் 472. பகல் 1.40

முடிந்தது. மூச்சு விடுகிறான். பொய்யைத் திருத்தி மெஹருன்னிசாவுக்கு அனுப்பினேன்.

நாள் 480. காலை 6.50

பி.எஸ்.ஏ. இறங்கத் தொடங்கியிருக்கிறது. ஒபின்னா என்னோடு பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் கையைக் காட்டுகிறான்.

‘பவள’த்தில் முப்பத்தொரு பேர் வருகிறார்கள். ஏழு நாட்டுக்காரர்கள். கோப்பில் கை வைக்காதீர்கள் என்று அனுப்பியிருந்தேன். இப்போதுதான் பதில் வந்தது, கேப்டன் ஜெசிந்தா, தூத்துக்குடிப் பெண்:

“மாமா, ஒங்க செய்திய இப்பதாம்லா பாத்தேன். நேத்தே ஜன்னல்ல செவ்வாய் தெரிஞ்சிட்டு. ஒங்க வீடியோவப் போட்டு, நாங்களும் கோப்ப அழிச்சு, எல்லாரும் செவ்வாய்க்காரங்களா ஆயிட்டோம். கேக்கும் வெட்டியாச்சு. இனி வர்ற கப்பல்லயும் இதையே வழக்கமா வைக்கப் போறாவளாம். ஒங்க பேர்ல.”

நாள் 480. 6.58

அனுப்பியது:

ஜெசிந்தா, கேக்கை வைத்துவிட்டு எல்லாரையும் எழுப்பம்மா. ஒவ்வொருவராக ஒலிவாங்கி முன்னால் வரட்டும். பெயர் சொல்லட்டும். ஊர் சொல்லட்டும். அப்பா எப்படிச் செத்தார், அம்மா எப்படிச் செத்தாள், அவர்களோடு பிறந்தவர்கள் எப்படி. தெரியாதவர்கள் தெரியாது என்று சொல்லட்டும். நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

7.31

முதல் குரல் வருகிறது. சிறு வயதுப் பையன். தெரியாது, எல்லாம் கோப்பில்தான் இருந்தது என்கிறான்.

7.32

தெரியாது.

7.32

தெரியா